சுருளாத செடி

வெள்ளை ஈக்கள் வந்து உட்கார்ந்த பத்தாம் நாள், அந்த வயலின் மிளகாய்ச் செடிகளெல்லாம் இலை சுருண்டு போயின. ஒரே ஒரு செடி மட்டும் நிமிர்ந்து நின்றது. அதற்குத் தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் நோயைத் தாங்கும் காட்டுமிளகாய் ரத்தம். பக்கத்துச் செடிக்குத் தாய்வழி மட்டும்தான், அது போதவில்லை.

சுருண்டவை பொழுதெல்லாம் தங்களுக்குள் பேசிக்கொண்டன.

"உனக்கு எத்தனை இலை போச்சு?"

"குருத்தே போச்சுடி."

நிமிர்ந்த செடி வாயெடுத்தால், "உனக்கென்ன மகராசி!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன.

ஒருநாள் உச்சிவெயிலில் அது தன் இலைகளைத் தானே சுருட்டிக்கொண்டது. "எனக்கும் வந்துடுச்சுக்கா" என்றது பக்கத்துச் செடியிடம்.

"அய்யோ, உனக்குமா? என் மேல சாஞ்சுக்கோடி."

சாய்ந்துகொண்டது. அப்படியொரு சுகத்தை அது அறிந்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து வயல்காரி வந்தாள். நோய்ச் செடிகளை வேரோடு பிடுங்கி வரப்பில் எறிந்தாள். பக்கத்துச் செடியையும் எறிந்துவிட்டு, இதன் தண்டைப் பிடித்தாள்.

"நிமிருடி!" வரப்பிலிருந்து அக்கா கத்தியது. "நீ சொன்னது பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும். நிமிரு!"

செடி இலைகளை விரித்தது.

"அட, இதுக்கு ஒண்ணுமில்லையே! விதைக்கு ஆச்சு" என்று வயல்காரி அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணியைத் தண்டில் கட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் உச்சிவெயிலில், வெறும் குழிகளுக்கு நடுவே, அது மறுபடியும் இலைகளைச் சுருட்டிக்கொண்டு அக்கா நின்ற பக்கமாய்ச் சாய்ந்தது.