கணப்பு அறை

மலைமேலிருந்த பழைய காப்பித் தோட்டத்து பங்களாவை அதன் தேக்கு உத்தரங்களுக்காகவே விலைக்கு வாங்கியிருந்தார் திருப்பத்தூர் மரவியாபாரி தசரதன். 1979 ஐப்பசியில் அதை இடிக்க ஆட்களோடு ஜீப்பில் வந்து இறங்கியபோது, பங்களா காவல்காரி சின்னக்குழந்தை வாசலை மறித்து நின்றாள்.

"ஐயா, நெருப்பு போடுற கணப்பு இருக்கிற அறைய மட்டும் இன்னிக்கு வுட்டுடுங்க. வெள்ளைக்கார துரை தன் சம்சாரத்து பிரசவத்துக்குன்னே கட்டுனது. ரெண்டு முழக் கனம் செவுரு, குளிரு அண்டாது."

"அதுக்கு இப்ப இன்னா?"

"என் மருமவ உள்ள வலியில கெடக்கிறா. கொழந்த குறுக்கால கெடக்குது. உங்க ஜீப்புல ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கினு போனா பொழைச்சிக்குவா."

"ஜீப்பு அதுக்கா வந்துச்சி? அவ புருசன் எங்க?"

"டோலி தூக்க ஆளத் தேடி ஓடியிருக்கான்."

"அப்ப டோலி வரட்டும். டேய், ஓட்டப் பிரிங்கடா."

அவள் அவர் காலைப் பிடித்தாள். "நீங்களும் புள்ள பெத்தவருதானே?"

"எனக்குப் புள்ள குட்டி கெடையாது. எழுந்திரு."

கூரையேறியவன் முதல் ஓட்டைப் பிரித்தான். அந்தச் சந்து வழியே கீழிருந்து ஈனஸ்வரத்தில் ஒரு பெண்குரல் வந்தது.

"யப்பா, சொல்லாம ஓடியாந்ததுக்கு அடிக்கிறதுன்னாலும் உள்ள வந்து அடி. கொழந்தைய மட்டும் காப்பாத்து."

தசரதன் சின்னக்குழந்தையைப் பார்த்தார்.

"அவ பேரச் சொன்னா வெட்டிப்போட்டுடுவீங்கன்னு அவளும் எம் மவனும் சத்தியம் வாங்கிட்டாங்க" என்றாள் அவள்.

அவர் செருப்போடு உள்ளே ஓடினார். மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அவள் அவருடைய சட்டையை இறுகப் பற்றியிருந்தாள்.