அளவு போடாத படம்

நகரத்துப் பாடசாலையின் ஆய்வுகூடத்தில், மேசையின் முன்னால் அவள் நின்றாள். முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர்.

"திருகுக் கணிச்சிய எடுங்க பிள்ளை. இந்தக் கம்பிட விட்டத்த அளந்து காட்டுங்க."

வகுப்பெடுக்கும் சேர் இரண்டாம் முறை சொன்னார். அன்பாகத்தான் சொன்னார்.

அந்த ஒருநாள் வகுப்பில் காலையில் நடந்த மாதிரிப் பரீட்சையில், செய்முறை வினாவுக்கு முழுப் புள்ளி எடுத்தவள் அவள் ஒருத்திதான். நகரத்துப் பிள்ளைகளுக்கு நடுவில், மலை மேலிருந்து வந்த தேயிலைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளை. திருகிச் சுழற்றி அளக்கும் அந்தக் கணிச்சியின் பூச்சிய வழுவை எப்படித் திருத்துவது, கம்பியை ஏன் பல இடங்களில் அளக்க வேண்டும், எல்லாவற்றையும் பிசகில்லாமல் எழுதியிருந்தாள்.

அதனால்தான் சேர் அவளை முன்னால் கூப்பிட்டார்.

அவள் பாடசாலையிலும் ஓர் அறைக் கதவில் 'ஆய்வுகூடம்' என்று எழுதியிருந்தது. உள்ளே, உட்கார உதவாத உடைந்த வாங்குகள்.

"கருவியக் கண்ணால பாக்காம எப்படிப்பா எழுதுறது?" என்று ஒருநாள் அழுதாள்.

அப்பா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். கடந்தகால வினாத்தாளில் இருந்த படத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் சவுக்குக் கட்டையில் அந்த வளைவைச் செதுக்கினார். சுழற்றுவதற்கு ஒரு பால்மா டின். அதைச் சுற்றித் தாள் ஒட்டி, அவள் ஐம்பது கோடு போட்டாள்.

முழங்கை நீளத்துக்கு வந்தது.

மூன்று மாதம் அதைச் சுழற்றிச் சுழற்றித்தான் படித்தாள். அவள் அளந்த வாசிப்பைச் சொல்லும்போதெல்லாம், சரியா பிழையா என்று தெரியாமலே அப்பா சந்தோஷப்பட்டார்.

படத்தில் அளவு போட்டிருக்கவில்லை.

மில்லிமீற்றர் கணக்கு அவளுக்கு அத்துப்படி. ஆனால் இத்தனை பேர் பார்க்கிறபோது கணக்கு நினைவுக்கு வரவில்லை. கை, தனக்குப் பழகிய கனத்தைத் தேடியது.

மேசையின் ஓரத்தில் வளைந்த இரும்பு ஒன்று. அதில் ஒரு திருகு.

இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

முதலில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும்.

"அது பலகைய மேசையோட இறுக்கிறதுக்கு, பிள்ளை."

சேர் சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு முன்னாலேயே கிடந்த சின்னக் கருவி ஒன்றை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

சில்லென்றிருந்தது. விரல்களை மடக்கினால் பாதி மறைந்துவிடும்.

அளந்தாள். வாசிப்பு சரியாகவே வந்தது. சிரிப்புச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

இடத்துக்கு வந்து கொப்பியைக் குனிந்து பார்த்தபடி இருந்தாள். எழுத்துகள் கலங்கின. சிரித்தவர்களைப் பற்றி அவள் நினைக்கவில்லை. விளக்கடியில் குனிந்து, கட்டையை உரசி உரசி மழமழப்பாக்கிய அப்பாவின் விரல்களை நினைத்தாள்.

அவருக்கு மட்டும் தெரியக் கூடாது.

வகுப்பு முடிந்தபோது அப்பா வாசல் மரத்தடியில் நின்றிருந்தார். அவளைக் கூட்டிவருவதற்காக அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

பஸ் மலையேறத் தொடங்கியது.

அவளே சொன்னாள். "நம்ம செஞ்சது மாதிரியேதான்பா இருந்துச்சு. அச்சு அசல்."

"அப்படியா பாப்பா?" என்றார். தோள் பையைச் சரிசெய்துகொண்டு, "நல்லதா போச்சு" என்றார்.

சொல்லிவிட்டு முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

திருவிழாவுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். அதன் மார்பில், ஆய்வுகூடத்து ஜன்னல் கம்பிகளின் துரு, நெடுக இரண்டு கோடாகப் பதிந்திருந்தது.