கையெழுத்தில்லாத பெட்டிசம்

"ஞானம் அண்ணை, உங்களுக்கு எதிராப் பெட்டிசம் போட்டவனுக்காக நீங்களே வாதாடினா, நாங்கள் ஆரின்ர பக்கம் நிக்கிறது?"

தலைவர் பரமேஸ்வரன் இப்படிக் கேட்டதும் நிர்வாகக் குழுவினர் சிரித்தார்கள். ஞானப்பிரகாசம் சிரிக்கவில்லை. தண்ணீரூற்று ஊர் விவசாயிகளின் பசுந்துளிர் கமக்காரர் சங்கத்துக்கு அவர்தான் முகாமையாளர்.

போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த மறுவருடம் அது. ஊருக்குத் திரும்பிய குடும்பங்களுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் சங்கத்திடம் பன்னிரண்டு தண்ணீர்ப் பம்புகளைக் கொடுத்திருந்தது. அதில் ஒன்று, புத்தளத்திலிருந்து திரும்பி வந்து கடலைத் தோட்டம் போட்டிருக்கும் சபூறாவுக்குப் போயிருக்க வேண்டியது. முகாமையாளர் பட்டியலை மாற்றி, சிலாவத்தையிலிருக்கும் தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டார் என்று அந்தப் புகார்ப் பெட்டிசம் சொன்னது. இடக்கையால் எழுதியதுபோலக் கோணல் எழுத்து. கீழே பெயரில்லை.

பெயர் எதற்கு? களஞ்சியப் பொறுப்பாளர் சிற்றம்பலத்துக்கும் ஞானப்பிரகாசத்துக்கும் எட்டு மாதமாகப் பேச்சில்லை. களஞ்சியப் பூட்டின் திறப்பு யாரிடம் இருப்பது என்பதில் தொடங்கிய சண்டை. இருவருடைய மேசைகளும் எதிரெதிரே. ஆனாலும் உரப் பசளை வந்துவிட்டதா என்று ஒருவர் அமராவதியிடம் கேட்பார். தேத்தண்ணி போடும் அமராவதி அப்படியே திரும்பி நின்று அதை மற்றவரிடம் கேட்பாள். நாட்டுச் சமாதானத்துக்கு நோர்வே, சங்கத்துக்கு அமராவதி என்று சொல்லிச் சிரிப்பார் குழு உறுப்பினர் மஸாஹிர். முல்லைத்தீவில் மிளகாய் வியாபாரம் செய்கிறவர். எதையும் ஒருமுறை கையில் வாங்கி நிறை பார்க்காமல் விடமாட்டார்.

எழுதியது சிற்றம்பலம்தான் என்று குழு முடிவு கட்டிவிட்டது. அவரை வேலையிலிருந்து நிறுத்தும் தீர்மானமும் தட்டச்சாகி மேசைக்கு வந்துவிட்டது. இடிந்த வீட்டுக்கு இப்போதுதான் கூரைமரம் ஏற்றியிருந்த மனிதர். இந்த வேலை போனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னொன்று கிடைக்காது.

காலையிலிருந்து ஞானப்பிரகாசம் மூன்று தரம் மன்றாடிவிட்டார். சிற்றம்பலத்தை விட்டுவிடச் சொன்னார். தன்மேல் சொல்லப்பட்டதை முதலில் விசாரிக்கும்படியும் கேட்டார். கிறிஸ்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று குழு அதையும் புகழ்ந்தது.

"விசாரிக்க என்ன கிடக்கு?" என்றார் மஸாஹிர். "சபூறா என்ர பெரியம்மாட மோள். அடுத்த தரம் தாறன் எண்டு நீங்கள் சொன்னதுக்கே, உங்களுக்கு துஆச் செய்துகொண்டு போனவா. அண்ணை, நான் முப்பது வருசமா யாவாரம் செய்யிறன். கேக்க முன்னமே விலையைக் குறைக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

ஞானப்பிரகாசம் தலை குனிந்துகொண்டார். அடக்கம் என்று அதற்கும் பெயர் வைத்தார்கள்.

"உங்கட வேதம் எத்தனை தரமெண்டாலும் மன்னிக்கச் சொல்லும். எங்கட சங்கத்தின்ர சட்ட யாப்பு அவ்வளவு தாங்காது," என்ற பரமேஸ்வரன், கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார். சிற்றம்பலம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால், வேலை இருக்கும். ஆளைக் கூப்பிட்டார்கள்.

சிற்றம்பலம் வந்து கதிரையில் உட்காராமல் நின்றார்.

"நீர் எழுதினதெண்டு ஒரு சொல்லுச் சொல்லும். ஞானம் அண்ணை மன்னிக்கத் தயார்," என்றார் தலைவர்.

"நல்ல விலை, சிற்றம்பலம். இதுக்குக் கீழ இனி இறங்காது," என்று மஸாஹிரும் தூண்டிவிட்டார்.

சிற்றம்பலம் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்ற அமராவதியின் பக்கம் திரும்பினார்.

"அமராவதி, அவரிட்டச் சொல்லு. செய்யாத வேலைக்கு மன்னிப்பு வாங்க நான் இஞ்ச வரேல்லை. நான் பெட்டிசம் எழுதிறதெண்டா, பெயர் போட்டு, விலாசமும் போட்டுத்தான் எழுதுவன்."

அதைத் திருப்பிச் சொல்வதா விடுவதா என்று தெரியாமல் அமராவதி தட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. பரமேஸ்வரன் தீர்மானத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனை மூடியைக் கழற்றினார். போகிற போக்கில் சிற்றம்பலத்துக்கு ஒரு புத்தியும் சொன்னார்: இவ்வளவு நடந்த பிறகும் தனக்காக இரங்கிப் பேசிய அந்த மனிதரைப் பார்த்தாவது திருந்தும்படி. சிற்றம்பலம் வாசலை நோக்கி நடந்தார்.

"சிற்றம்பலம், நில்லுங்கோ."

எட்டு மாதத்துக்குப் பிறகு அமராவதி இல்லாமல் வந்த முதல் சொல் அது. சிற்றம்பலம் நின்றார். ஞானப்பிரகாசம் எழுந்து, பேனை பிடித்திருந்த தலைவரின் கையை மெதுவாக ஒதுக்கினார்.

"அவர் பொய் சொல்லேல்லை. மச்சானுக்குப் பம்ப் குடுத்தது உண்மை. பங்குச் சுவாமியாரிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தனான். சங்கத்திலயும் போய்ச் சொல்லு எண்டவர். நேர சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதாலதான் அந்தப் பெட்டிசத்தை நானே எழுதிப் போட்டனான். விசாரிச்சுப் பிடிப்பியள் எண்டு நினைச்சன். நீங்கள் ஒருத்தரும் பம்பைத் தேடேல்லை, எழுதின ஆளைத்தான் தேடினியள்."