கொடியில் காய்ந்த நீலப்புடவை

இந்தக் காலத்தில் டிவி மாட்ட எல்லார் வீட்டிலும் சுவர் இருக்கிறது. படம் மாட்டத்தான் இருப்பதில்லை. செத்துப்போன மச்சான் வரைந்த படத்தை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மகள் சொன்னதும் கிழவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடித்துப்போட்ட பழைய வீடு அதில்தான் நின்றது. மச்சான் கட்டடம் மட்டுமே வரைவார், ஆளை வரையமாட்டார். முதல் தூறலுக்கே துணியை அள்ள ஓடும் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். படத்தில் அவள் அடையாளமாக மிஞ்சியது மாடிக்கொடியில் காயும் நீலப்புடவைதான்.

வெளியே தூறல் விழுந்தது. கிழவர் படத்தைப் பார்த்தார். கொடி வெறுமையாக இருந்தது.

"அப்பா, அம்மா புடவை எங்கே?"

"வர்ணம் உதிர்ந்திருக்கும்."

"கிளிப்பு மட்டும் அப்படியே இருக்கே!"

"மழை விடட்டும், பாக்கலாம். அதுவரைக்கும் எவனுக்கும் குடுக்காதே" என்றவர், தான் சொன்னதைத் தானே நம்பாமல் நடையைக் கட்டினார்.