ஐந்தாம் பொம்மைக்கான இடம்

கப்பலில் பணிபுரிந்த அண்ணன் இல்யாஸ், ஐந்து ஜப்பானியக் கார்ட்டூன் பொம்மைகள் கொண்ட தொகுப்பில் நான்கை ஹுமேராவுக்கு அனுப்பியிருந்தான். ஐந்தாவதைத் தன் கையாலேயே கொண்டுவருவதாக எழுதியிருந்தான். அவனது கப்பலைப் பற்றி நாற்பது நாட்களாகத் தகவல் இல்லை. ஆயினும் அவள் வழக்கம்போல் ஐந்தாவதற்கு இடம்விட்டு, சன்னலோரம் வெள்ளைத் துணியின்மேல் பொம்மைகளை நிறுத்திப் படமெடுத்தாள்.

காந்திபுரத்து ஸ்டுடியோக்காரர் கோவிந்தராஜுலு, கழுவிய படத்தை நீட்டினார். “ஏனுங்க அம்மணி, பொம்மை நாலுதானுங்க. நெழலு அஞ்சு உழுந்திருக்குதுங்களே!”

“ஒண்ணு அண்ணங்கிட்ட இருக்குதுங்க,” என்றாள் ஹுமேரா.

வீடு திரும்பினாள். காலியிடத்தில் பொம்மை இல்லை. துணி மட்டும் இரு சிறு பாதங்களின் அளவுக்கு நனைந்திருந்தது. விரலால் தொட்டு நாவில் வைத்தாள். உப்புக் கரித்தது.