சம்மதம் கேட்டோம்

ஷஸ்னா பேசவில்லை.

வாப்பா கட்டிலருகே கதிரையில் இருந்தார். சாட்சிகளாக நானும் முபாறக் மாமாவும் அவருக்குப் பின்னால் நின்றோம். மாப்பிள்ளையும் நிக்காஹ் எழுத வந்த ஹஸ்ரத்தும் வெளியே பந்தலில். அவர்களுக்கும் அப்பால், மூடி வைத்த புரியாணிச் சஹன் தட்டுகள்.

"சம்மதந்தானே மகள்?" வாப்பா மறுபடியும் கேட்டார்.

தங்கை முக்காட்டுக்குள் குனிந்தே இருந்தாள். தாதியர் கல்லூரிக்கு அவளையும் எடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் போக வேண்டும். தங்கள் வீட்டுக்கு வரும் பெண் நைட் டியூட்டிக்குப் போவதில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் நேற்றுத்தான் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

நான் அதே கல்லூரியில் இரண்டாம் வருடம். சட்டப் பாடத்தில் எனக்குப் பூச்சியம் போட்டவர் சிலாபத்து அல்பிரட் சேர். ஊசியோடு போகிறீர்கள், நோயாளி ஒன்றும் பேசவில்லை, என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. 'மௌனம் சம்மதம், ஆகவே குத்துவேன்' என்று எழுதினேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருமே அதைத்தான் எழுதியிருந்தோம்.

சேர் தாளின் ஓரத்தில் சிவப்புப் பேனையால் எழுதினார்: 'இது கலியாண வீடு இல்லை, தம்பி.'

என்ன ஊசி, எதற்கு, வேண்டாமென்றால் வேறென்ன வழி. அவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டுமாம். சம்மதமில்லாமல் தொட்டால் சட்டத்தில் அதற்குப் பெயர் சிகிச்சை இல்லை, தாக்குதல். ஆணி குத்தினால் போடும் ஓர் ஏற்பு ஊசிக்கே இவ்வளவு.

இப்போது இது கலியாண வீடுதான். ஆகவே என் விடை சரியாகிவிட்டது.

களப்புக் காற்றில் பந்தல் சீலை படபடத்தது. முக்காட்டின் ஓரத்தை அவள் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. கை தர மனமில்லாத நோயாளிகள் கட்டில் விரிப்பை அப்படித்தான் பிடிப்பார்கள்.

"புள்ள வெக்கப்படுது மச்சான்," என்றார் மாமா. "மௌனம் சம்மதம். எழும்புங்க, சோறு ஆறுது."

எழும்பினோம்.

பந்தலில் ஹஸ்ரத் பேனையைத் திறந்தார். "பொண்ணுக்கிட்ட சம்மதம் கேட்டீங்களா?"

"கேட்டோம்," என்றார் வாப்பா.

"கேட்டோம்," என்றார் மாமா.

என் முறை.

"கேட்டோம் ஹஸ்ரத்," என்றேன். "எங்களுக்குத்தான் ஒண்டும் கேக்கல்ல."

மாமா என் காலை மிதித்தார். மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றி, பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

ஹஸ்ரத் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா பேசவில்லை. அது எதற்குச் சம்மதம் என்று எவருக்கும் விளங்கவில்லை.

ஹஸ்ரத் பேனையை மூடினார். "திரும்பப் போய்க் கேளுங்க. இந்த முறை பதில் வரும் வரைக்கும் இரிங்க."

வாப்பா இன்னும் கதவுவரை கூடப் போய்ச் சேரவில்லை.

"இல்ல வாப்பா."

உள்ளேயிருந்து வந்த சின்னக் குரல்தான். பந்தலில் எல்லோருக்கும் கேட்டது.