எண் எழுதிய பக்கம்

படகு தரை தட்டியது.

பெரிய சத்தம்கூட இல்லை. வயிற்றைச் சேற்றில் தேய்த்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டது. துல்லியோ மோட்டாரை முன்னும் பின்னும் முறுக்கிப் பார்த்தார். சேறுதான் கலங்கி வந்தது.

"போச்சு! தண்ணி வத்துற நேரமா பாத்து கொண்டுவந்து சொருகிட்டான் மனுஷன்" என்றாள் படகின் முன்முனையில் இருந்த ஓர்னெல்லா, அவர் மனைவி.

நடுப்பலகையில் இருந்த மிலானோக்காரர் பிராம்பாத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு வெனிஸில் பத்திரப் பதிவு. ஜுதெக்கா தீவில் இவர்கள் இருவரும் குடியிருக்கும் வீட்டை அவர் வாங்குகிறார். இன்றைக்கு முடியாவிட்டால் காஸ்தெல்லோவில் இன்னொரு வீடு தயாராக இருக்கிறது என்று காலையிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

விற்கச் சொன்னது மகன். காயலைத் தாண்டி, மெஸ்த்ரேயில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் அவனே இவர்களுக்கு வீடும் பார்த்துவிட்டான். துல்லியோ சரி என்றார். அவர் சரி என்றதால் ஓர்னெல்லாவும் சரி என்றாள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் தீவுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும் என்று பிராம்பாத்தி ஆசைப்பட்டார். வீட்டில் தங்க வருகிற சுற்றுலாக்காரர்களிடம் அளக்க வேண்டுமே. விடிந்ததும் கிளம்பினார்கள். முரானோவில் கண்ணாடிக் குதிரை வாங்கினார். புரானோவில் சிவப்பு வீடு, நீல வீடு என்று ஒன்று விடாமல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஒருத்தி உள்பாவாடை உலர்த்துவதைக்கூட விடவில்லை. தோர்ச்செல்லோவில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டார்.

வழியெல்லாம் ஓர்னெல்லாவின் சமையலறையில் இரண்டடுக்குக் கட்டில் எத்தனை போடலாம் என்று கணக்கு வேறு. எல்லாவற்றுக்கும் துல்லியோ தலையாட்டினார். நாற்பது வருஷம் நீர்ப்பேருந்து ஓட்டிய மனுஷன், பூம்பூம் மாடு மாதிரி. ஓர்னெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பும்போது காயலில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. போன குளிர்காலத்திலிருந்து துல்லியோவுக்குக் கண்ணில் புரை. அவள் முன்னால் உட்கார்ந்து வலது, இடது என்று முணுமுணுப்பாள், அவர் திருப்புவார். அது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

காயலில் படகுத் தடத்தைக் காட்ட மரக்கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். எண் எழுதிய பக்கம் தடம், மொட்டைப் பக்கம் சேறு. ஜுதெக்காவில் நடை பழகுகிற பிள்ளைக்கும் இது தெரியும். தரை தட்டுவதெல்லாம் வாடகைப் படகில் வரும் வெளியூர்க்காரர்கள் செய்கிற வேலை.

அந்த நேரம் பார்த்துத்தானா ஊர்க்காரன் ஜிஜியோ வர வேண்டும்! காய்கறிப் படகை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னடா துல்லியோ, சிப்பி பொறுக்குறியா? நாப்பது வருஷம் ஓட்டினவனாம்! இரு இரு, ஊர் பூரா சொல்லிட்டுத்தான் இன்னிக்கு எனக்குச் சாப்பாடே."

துல்லியோவின் காது மடல் சிவந்தது. ஓர்னெல்லாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

ஜிஜியோ கயிறு வீசி இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. "மூணு பேரும் சேத்துல இறங்கி நடந்து வாங்க. பன்னெண்டுக்குள்ள கொண்டுபோய் விட்டுடறேன்."

பிராம்பாத்தி எழுந்தேவிட்டார். ஓர்னெல்லா துல்லியோவைப் பார்த்தாள்.

"நான் வரல" என்றார் துல்லியோ. "படகை விட்டுட்டு வர மாட்டேன்."

பிராம்பாத்தி கெஞ்சினார், கத்தினார். காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்த துல்லியோவின் தலை இப்போது ஆடவே இல்லை. கடைசியில் பிராம்பாத்தி காலணிகளைக் கழற்றி, கண்ணாடிக் குதிரையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் நடந்து போனார். காஸ்தெல்லோ வீட்டையே முடித்துக்கொள்வதாகப் பாதி வழியில் திரும்பி ஒரு சத்தம் போட்டார்.

ஜிஜியோவின் படகுச் சத்தம் ஓய்ந்தது. துல்லியோ தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நாளைக்கு மீன் சந்தையில் இதுதான் பேச்சாக இருக்கும். செத்த பிறகும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பனி விலகியது. பின்னால் கம்பம் தெரிந்தது. இந்தப் பக்கம் மொட்டை. எண் வலப் பக்கத்தில், கறுப்பில் பெரிதாக. வரும்போது பனியிலும் அது ஓர்னெல்லாவின் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிந்தது. தெரிந்துதான் "இடது" என்றாள்.

அதைச் சொல்லிவிட வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

"நீ இடதுன்னு சொன்னப்பவே தெரியும்டி" என்றார் துல்லியோ, தலையை நிமிர்த்தாமல். "இந்தத் தடத்துல நான் கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

"அப்புறம் எதுக்குய்யா திருப்பின?"

அவர் மோட்டாரைச் சேறு படாமல் தூக்கிக் கட்டினார்.

"தண்ணி ஏற சாயங்காலம் ஆகும். ரொட்டி இருந்தா எடு."